அசையாத விமானம்

விண்ணின் விளிம்பைத் தொட்டு மீளும் ராக்கெட் விமானமாகிய எக்ஸ்-15-ஐ அமெரிக்கர்கள் 1959 முதல் 1968 வரை 199 முறை பறக்கவிட்டார்கள் என்பதைச் சரித்திரம் கௌரவத்துடன் குறித்து வைத்திருக்கிறது. ஆனால், சுமார் பத்து நிமிஷப் பிரயாணம் ஒன்றுக்காக அதன் விமானிகள், தரையோடு பொருத்தப்பட்டு ஓர் அங்குலமும் அசையாத சிமுலேட்டரில் மணிக்கணக்காக உட்கார்ந்து பிரயாசைப்பட்டதை மட்டும் யாரும் காவியமாகப் பாடவில்லை. அந்த ஆசனத்தில் இன்ஜின் அணைந்தாலும் மரணம் இல்லை, மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் புனர்ஜன்மம். அத்தகைய சௌகரியம் யோகிகளுக்கும் வாய்த்ததில்லை. உடலுக்கும் சிரமம் தெரியவேண்டுமென்று கருதிய பெரியோர்கள், பென்சில்வேனியாவின் ஜான்ஸ்வில்லில் இருந்த ராட்சசச் சுழல் இயந்திரத்தில் அவர்களை ஏற்றிச் செக்குமாடுபோல் சுற்றவிட்டார்கள். ஆக, மேலே போவதற்கான சிக்ஷை, ஓரிடத்தில் அசையாதிருப்பதிலும் ஒரே இடத்தைச் சுற்றி வருவதிலும் பூர்த்தியாயிற்று.

இவ்வாறு தேர்ந்தவர்களில் ஒருவரான நீல் ஆர்ம்ஸ்ட்ராங், 1962 ஏப்ரல் 20 அன்று இறங்கி வருகையில், விமானம் வளிமண்டலத்தில் பட்டு மீண்டும் மேலெழும்ப, இறங்கவேண்டிய எட்வர்ட்ஸ் தளத்தைத் தாண்டிப் பாஸடீனா திசையில் வெகுதூரம் சென்று, திரும்பி, உலர்ந்த ஏரிப் படுகையின் தென்கோடியில் ஒருவாறு வந்து சேர்ந்தார். 12 நிமிஷம் 28 விநாடி நீடித்த அதுவே எக்ஸ்-15-இன் மிக நீண்ட பிரயாணம் என்ற கீர்த்தியையும் பெற்றது. விமானியையும் குறை சொல்வதற்கில்லை, சிமுலேட்டரையும் குறை சொல்வதற்கில்லை. ஒத்திகைக்குத் தவறாமல் வந்தவர் விமானி ஒருவரே, வளிமண்டலமோ ஒரு நாளும் வந்து பாடம் கேட்கவில்லை.