ஒரு பாட்டு கேட்டுட்டுப் போங்க

கோலார் தங்கவயல் ராபர்ட்சன்பேட்டையில் எம்.ஜி. மார்க்கெட்டுக்குப் பையோடு போனவன் மத்தியானம் வெறும் பையோடு திரும்பினால், எங்கள் வீட்டில் காரணம் கேட்க மாட்டார்கள். வழியில் ஹெரால்டு அண்ணன் பிடித்துக்கொண்டார் என்று அர்த்தம்.

அவருக்குச் சொந்தப் பேர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டில் இருக்கிறது. வாசலில் நிற்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டுதான் ஊருக்குத் தெரிந்த பேர். 1961இல் மதராஸில் தயாராக ஆரம்பித்த வண்டி அது. அதைக் கார் என்று சொன்னால் அண்ணன் முகம் சுண்டிவிடும். "ஸ்போர்ட்ஸ் கார்னு சொல்லுங்க தம்பி."

அதற்கு ஆதாரம் வைத்திருக்கிறார். இங்கிலாந்தில் ஹெரால்டின் சேசிஸைக் குறுக்கித்தான் 1962இல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற ஒரே இத்தாலிக்காரர். சித்தப்பா மகன் கலெக்டர் என்பதால் தன்னையும் 'ஐயா' என்று கூப்பிடச் சொல்கிற மாதிரிதான் இதுவும்.

ஹெரால்டின் பானெட் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாவற்றோடும் சேர்ந்து அப்படியே முன்பக்கம் கவிழும். முன்சக்கரத்தையே முக்காலியாக்கி உட்கார்ந்து வேலை பார்க்கலாம். அண்ணனின் ஞாயிற்றுக்கிழமைகள் அந்தச் சக்கரத்தின் மேல்தான் கழிகின்றன. இன்ஜினைத் தொடுகிறாரா என்றால், இல்லை. பாட்டு செட்டின் ஆம்ப்புக்கு வயர் இழுக்கிறார்.

கேசட் போட்டார், கழற்றினார். சி.டி. போட்டார், கழற்றினார். பென் டிரைவ் போய் இப்போது புளூடூத் வந்திருக்கிறது. மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூர் எஸ்.பி. ரோடு போய், ஓவல் ஸ்பீக்கரைக் கைக்குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டு திரும்புவார். அந்த வண்டியின் ஸ்பீக்கர்கள் பெங்களூரைப் பார்த்த அளவுக்கு வண்டி பார்த்ததில்லை.

டேஷ்போர்டில் மட்டும் கத்தி வைக்க மாட்டார். அது அப்பா தொட்ட இடம். அதனால் செட் க்ளவ் பாக்ஸுக்குள் ஒளிந்திருக்கிறது. பாட்டு மாற்ற வேண்டுமென்றால் பக்கத்து சீட்டில் இருப்பவர் முழங்காலை ஒதுக்கி, மூடியைத் திறந்து, குனிந்து அமுக்க வேண்டும்.

கரண்ட் விஷயத்தில் அண்ணனுக்குப் புத்தி சொல்ல முடியாது. "1902லயே சிவனசமுத்திரத்துல இருந்து கரண்ட் வாங்கின ஊருப்பா இது. எங்கப்பா மைன்ஸ் எலெக்ட்ரிஷியன். 3 கிலோமீட்டர் ஆழத்துக்கு வயர் இழுத்த வம்சம்!" அந்த வம்சம் 3 அடி வயரில் தோற்றது தனிக்கதை. பழைய இங்கிலீஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். இந்தக் காலத்து செட்டுக்கு நெகட்டிவ் சேர வேண்டும். இந்தச் சம்பந்தம் ஒத்துவராது என்பது முதல் செட் புகைந்த பிறகுதான் தெரிந்தது.

ஆம்ப்புக்குப் போகும் வயரின் முனையில் தங்க முலாம் பூசியிருக்கும். சத்தம் சுத்தமாக வருமாம். அண்ணி காதைத் தடவிக்கொண்டு சொன்னார்: "120 வருஷம் தங்கம் தோண்டின ஊரு. மிச்சம் இருக்கிறது இந்த வயர் முனையிலதான். என் கம்மலும் அங்கதான் போச்சு."

வூஃபர் வந்த அன்று தெருவே கூடியது. முதல் அடியில் அடுத்த வீட்டு அலமாரியில் டம்ளர்கள் குதித்தன. திண்ணையில் தூங்கிய தாத்தா, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், துள்ளி எழுந்து, "ராக் பர்ஸ்ட்! எந்த ஷாஃப்ட்டுல?" என்று கத்தினார். சுரங்கத்துக்குள் பாறை வெடிப்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள். 2001இல் மூடிய சுரங்கம் அவருக்கு அன்று ஒரு நிமிஷம் திறந்தது. அண்ணனோ இதையே நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டார். "பேஸ் எப்படி? தாத்தாவே சொல்லிட்டார் பாருங்க!"

இத்தனை செய்தும் அண்ணன் ஒரு பாட்டை முழுசாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. இளையராஜா பல்லவியைத் தாண்டும் முன்பே, "வயலின் லெஃப்ட்ல கேக்குதா? இப்ப டிரம்ஸ் பாருங்க" என்று அடுத்ததற்குத் தாவிவிடுவார். நமக்குப் பாட்டு, அவருக்கு டெஸ்ட்.

இன்ஜினை ஓடவிட்டால் அதன் இரைச்சலில் பாட்டு காதில் விழாது. அதனால் நிறுத்திவிட்டுத்தான் போடுவார். பாட்டு பேட்டரியைக் குடித்து முடித்தால் அப்புறம் இன்ஜின் ஓடாது. ஓடினாலும் பழைய டைனமோ 22 ஆம்பியர் தருவதே பெரிய பாடு. அதை ஹெட்லைட்டும் ஆம்ப்பும் பங்காளிகள் மாதிரி பிடுங்கிக்கொள்ளும்.

ஆகவே, எங்கள் ஊர்ப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. யாராவது கையைப் பிடித்து, "ஒரே ஒரு பாட்டு கேட்டுட்டுப் போங்க" என்றால் தாராளமாகப் போய்க் கேளுங்கள். சத்தம் உண்மையிலேயே நன்றாக இருக்கும். செருப்பு மட்டும் வழுக்காததாகப் போட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது பாட்டு முடிந்ததும் வண்டியைத் தள்ள வேண்டியிருக்கும்.