ரப்பர் ஸ்டாம்புப் பிரதமர்

இவரை அடையாளம் காண்பது எளிது. கை குலுக்குவதற்கு முன்பே விசிட்டிங் கார்டு வந்துவிடும். கெட்டி அட்டை, தங்க எழுத்து, மூலையில் சிங்கமோ கழுகோ போட்ட முத்திரை. பெயருக்குக் கீழே ‘பிரதம மந்திரி’. “எந்த நாட்டுக்குங்க?” என்று கேட்டால் முகம் சுளிக்க மாட்டார். அந்தக் கேள்விக்காகத்தானே காத்திருக்கிறார்! பையிலிருந்து தேசப்படம் வெளியே வரும். அதில் அவருடைய நாடு பளிச்சென்று சிவப்பில் இருக்கும். அண்டை நாடான பிரிட்டன், பெயர்கூடப் போடாமல், ஓரமாகச் சாம்பல் நிறத்தில் கிடக்கும்.

சர்வதேசச் சட்டம் இவருக்கு மனப்பாடம். 1933இல் மான்டிவிடியோவில் கையெழுத்தான உடன்படிக்கை, நாடு என்றால் நான்கு லட்சணங்கள் வேண்டும் என்கிறது: நிரந்தரமான மக்கள், வரையறுத்த நிலம், அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு வைத்துக்கொள்ளும் தகுதி. “மூன்றாவது இதோ இருக்கிறது” என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார். மற்ற மூன்றும் பரிசீலனையில் இருக்கின்றன.

தாமாக அறிவித்துக்கொள்ளும் இத்தகைய நாடுகளை உண்டாக்குகிறவர்கள் பெரும்பாலும் ராஜாவாகிவிடுகிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் லெனார்ட் காஸ்லி என்ற விவசாயிக்குக் கோதுமை கோட்டாவில் அரசாங்கத்தோடு தகராறு. 1970இல் பண்ணையைத் தனி நாடு என்று அறிவித்து இளவரசரானார். 1977இல் ஆஸ்திரேலியாவின் மீது போர் தொடுத்து, சில நாளில் அவரே போரை முடித்தும் வைத்தார். எதிரித் தரப்பிலிருந்து ஒரு குண்டுகூட வரவில்லை. இப்படிப்பட்ட ராஜாக்களுக்குக் கொஞ்சம் குறும்பு உண்டு. தான் ஆடுவது ஆட்டம் என்று மனத்தின் ஒரு மூலையில் தெரியும். பிரதமருக்கு அது தெரியாது. கோப்பு போடுகிறவர், பதிவேடு வைக்கிறவர், ரப்பர் ஸ்டாம்பை மையில் ஒற்றிக் கோணாமல் குத்துகிறவர் அவர்தான். நாடு போனாலும் கோப்பு போகக் கூடாது.

இந்த இனத்தின் மூலபுருஷர் என்று நான் கருதுவது அலெக்சாண்டர் ஆகன்பாக் என்ற ஜெர்மானியரை. அவருக்கு வாய்த்த நாடு சீலாந்து. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ்காரர்கள் வடகடலில் கட்டிப் பிறகு கைவிட்ட கோட்டை அது. கோட்டை என்றதும் செஞ்சியை நினைக்க வேண்டாம். கடலுக்குள் இரண்டு கான்கிரீட் தூண்கள், மேலே ஒரு தளம், அவ்வளவுதான். ராய் பேட்ஸ் என்ற முன்னாள் ராணுவ மேஜர், கள்ள வானொலி நடத்தியவர், 1967 செப்டம்பரில் அதைத் தனி நாடாக அறிவித்தார். மனைவிக்கு இளவரசிப் பட்டம் கிடைத்தது. மறு ஆண்டே, பக்கத்தில் வேலை செய்தவர்களை நோக்கித் துப்பாக்கி வெடித்ததாக வழக்கு. அந்த இடம் மூன்று மைல் கடல் எல்லைக்கு வெளியே இருப்பதால் தனக்கு அதிகாரமில்லை என்று இங்கிலாந்து நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. பேட்ஸ் குடும்பம் அதையே பட்டாவாக வைத்துக்கொண்டது. பிறகு அரசியல் சட்டம், கொடி, தேசிய கீதம், நாணயம், பாஸ்போர்ட் எல்லாம் வந்தன.

பிரதமர் என்று சொல்லிக்கொண்ட ஆகன்பாக், 1978 ஆகஸ்டில், ராஜா ஊரில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கூலிப்படையை அனுப்பித் தூணைப் பிடித்தார். ராஜாவின் மகன், இளவரசர் மைக்கேல் பணயக் கைதி. மந்திரி சதி செய்து அரண்மனையைப் பிடிப்பது நம் ராஜா ராணிப் படங்களில் இடைவேளைக்குச் சற்று முன்னால் வரும் காட்சி. இங்கேயும் கதை அப்படியே நடந்தது. ராஜா ஹெலிகாப்டரில் வந்து இறங்கினார், நாடு மீண்டது. சீலாந்து பாஸ்போர்ட் வைத்திருந்த ஜெர்மன் வழக்கறிஞர் ஒருவர் பிடிபட்டார். வேற்று நாட்டானாக இருந்திருந்தால் போர்க் கைதி; குடிமகனாகப் போய்விட்டதால் தேசத்துரோகி. 75,000 மார்க் அபராதம்!

ஜெர்மனி லண்டனைக் கேட்டது. லண்டன் பழைய தீர்ப்பைக் காட்டி ஒதுங்கிக்கொண்டது. கடைசியில் ஜெர்மன் தூதரக அதிகாரி ஒருவர் தூணுக்கே போய்ப் பேச வேண்டியதாயிற்று. வழக்கறிஞரை விட்டுவிட்ட பேட்ஸ், ஜெர்மனி தன்னை அங்கீகரித்துவிட்டது என்று அறிவித்துக்கொண்டார்.

சாதாரண அரசியல்வாதிக்கு வாழ்க்கை இங்கே முடிந்திருக்கும். ஆகன்பாக்குக்கு அப்போதுதான் தொடங்கியது. ஜெர்மனியில் உட்கார்ந்து புகலிட அரசாங்கம் அமைத்தார். பிரிவி கவுன்சிலின் தலைவர் என்று பதவிப் பெயரும் நீண்டது. இந்தக் கட்டம்தான் இந்த இனத்துக்குப் பொற்காலம் என்பது என் கணிப்பு. தூண் கையில் இருந்தவரை துருப்பிடிக்கும், டீசல் தீரும், புயல் வரும். இப்போது அந்தத் தொல்லையெல்லாம் ராஜாவுக்கு. இவருக்கு மிஞ்சியது சுத்தமான ஆட்சி மட்டும். தண்ணீர் வரவில்லை என்று குடத்தோடு சாலையில் உட்கார ஆள் இல்லை. எம்.எல்.ஏ.க்களை ரிசார்ட்டில் அடைத்து வைக்கிற செலவில்லை. 1989இல் உடல்நலத்தைக் காரணம் காட்டி ஆகன்பாக் விலகினார். அந்த வாக்கியம் ஒன்றில் மட்டும் அவர் உலகத்துப் பிரதமர்கள் எல்லோருக்கும் சமமாக நின்றார். அவருடைய பொருளாதார அமைச்சர் அடுத்த பிரதமராகப் பொறுப்பேற்றார். அதிகார மாற்றம் அமைதியாக நடந்தது.

இந்த இனத்துப் பிரதமருக்கு வேறெதிலும் கிடைக்காத சந்தோஷம் ஒன்று உண்டு: நிஜமான அலுவலகம் எதுவாவது தன் கடிதத்துக்குப் பதில் போடுவது. சின்ன நகராட்சியின் லெட்டர்ஹெட்டாக இருந்தாலும் கண்ணில் ஒற்றிக்கொள்வார். இதில் தமிழ் மண்ணுக்கும் பங்குண்டு. திருவண்ணாமலைக்காரரான சாமியார் நித்யானந்தா தனி நாடு என்று அறிவித்த ‘கைலாசா’வோடு அமெரிக்காவின் நியூவார்க் நகரம் 2023 ஜனவரியில் சகோதர நகர ஒப்பந்தமே போட்டது. விசாரித்த பிறகு சில நாளில் ரத்து செய்தது. ரத்தானால் என்ன, போட்டோ எடுத்தாயிற்று.

இப்போது வருகிற பிரதமர்கள் வசதியானவர்கள். டான்யூப் கரையில் குரோஷியாவும் செர்பியாவும் எனக்கு வேண்டாம், உனக்கு வேண்டாம் என்று விட்டிருந்த ஏழு சதுர கிலோமீட்டர் நிலத்தில், 2015இல் லிபர்லாந்து என்ற நாடு அறிவிக்கப்பட்டது. உள்ளே போனவர்களைக் குரோஷியப் போலீஸ் பிடித்ததுண்டு. ஆனால் தேர்தல் நடக்கும். 2024 அக்டோபரில் கிரிப்டோ கோடீஸ்வரர் ஜஸ்டின் சன் அங்கே பிரதமரானார். அடுத்த மாதமே, சுவரில் டேப் போட்டு ஒட்டிய வாழைப்பழக் கலைப்படைப்பை 62 லட்சம் டாலருக்கு ஏலத்தில் எடுத்து, நிருபர்கள் முன்னால் அந்தப் பழத்தை உரித்துச் சாப்பிட்டார். பதவியேற்ற கையோடு இவ்வளவு வெளிப்படையாகச் சாப்பிட்ட பிரதமர் வேறு யாரும் என் நினைவில் இல்லை.

சீலாந்து இன்னும் இருக்கிறது. ராய் பேட்ஸ் 2012இல் காலமானார். இப்போது மைக்கேல் ஆள்கிறார். இணையத்தில் பணம் கட்டினால் பிரபு, சீமாட்டி, பாரன் என்று வசதிக்கேற்ற பட்டம் வீடு தேடி வரும். பிரதமர் பதவியை மட்டும் அவர்கள் விற்பதில்லை. ஒருமுறை பட்டது போதும் என்று நினைத்திருப்பார்கள்.