குவாதலூப்பில் ஒரு பகல்

கேள்வி: சொகுசுக் கப்பலில் கரீபியன் போகிறோம். குவாதலூப் தீவில் ஒரு பகல் இறக்கிவிடுவார்களாம். கடற்கரையை விட்டால் பார்க்க என்ன இருக்கிறது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: உங்கள் சொந்தபந்தமே இருக்கிறது, அம்மா! நம் பக்கத்துச் சனங்கள் பலர் காரைக்காலில் கப்பலேறி, கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன தீவு அது. முதல் கப்பல் 'ஒரேலி' 1854 டிசம்பர் 24-ல் கரை சேர்ந்தது. 1889 வரை இந்தியாவிலிருந்து போனவர்கள் ஏறத்தாழ 42,000 பேர்.

மத்தியானம் சாப்பாட்டுக் கடையில் 'கொலம்போ' கேளுங்கள். மஞ்சளும் மல்லியும் சீரகமும் கடுகும் அரைத்துக் கொதிக்கவிட்ட வாசனை வரும். நம் குழம்புதான் பேர் திரிந்தது என்பாரும் உண்டு. உங்கள் நாக்குக்குச் சந்தேகமே வராது.

பிறகு ஒரு வண்டி பிடித்து காப்பெஸ்தேர் போங்கள். அங்கே சாங்கியில் வண்ணச் சிலைகளோடு ஒரு கோயில். மாரியம்மனை அந்தத் தீவில் 'மாலியெமென்' என்கிறார்கள். மொழி போயும் அம்மன் போகவில்லை! இந்திய வம்சாவளியினரின் குடியுரிமைக்காக 1904 முதல் 1923 வரை வழக்காடிய ஆன்ரி சிதம்பரம் பிறந்ததும் காப்பெஸ்தேரில்தான்.

கடற்கரை எங்கேயும் போகாது. பெட்டியில் புன்னைநல்லூர்க் குங்குமம் ஒரு பொட்டலம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.