பகிர்ந்துண்ணும் கருவிகள்

ஆய்வுக் கருவிகளை நாடு முழுவதும் பகிர்ந்துகொள்ள இந்திய அரசு 2020 ஜனவரியில் ஐ-ஸ்டெம் இணையதளத்தைத் தொடங்கியது. எந்த ஊர்க் கருவிக்கும் இருந்த இடத்திலிருந்தே முன்பதிவு செய்யலாம். முன்பதிவின் முதல் விதி, தேவை எழுமுன் பதிவு செய்வது. ஆய்வுத் தலைப்பைப் பிறகு யோசிக்கலாம். இரண்டாவது, மாதம் முழுவதையும் பிடித்துவைப்பது. பேருந்து இருக்கையில் துண்டு போட்ட பரம்பரைக்கு இது கைவந்த கலை. மூன்றாவது, வராமலே இருப்பது, கருவி தேயாது. என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) கருவியின் காந்தம் மட்டும், ஆள் வந்தாலும் வராவிட்டாலும், திரவ ஹீலியத்தைக் குடித்தபடி கடமையாற்றும். விதிகளைக் காத்து, பல நூறு கிலோமீட்டர் தொலைவில் நேரம் வாங்கியவருக்கு இறுதியில் ஒரு நற்செய்தி உண்டு: அதே கருவி அவருடைய பக்கத்து அறையில் சும்மா இருக்கிறது. அந்த அறைச் சாவிக்குத்தான் இன்னும் முன்பதிவு வசதி வரவில்லை.