குளூட்டன் இலக்கணம்: பயணவியல்

எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்று இலக்கணம் ஐந்து. ஆறாவதாக ஒன்று வேண்டும் என்பது போன குற்றால சீசனில், செங்கோட்டைக்குப் பக்கம் பிரானூரில், பரோட்டாக் கல்லின் முன்னால் மனைவியோடு நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. அருவியில் குளித்த பசி. கல்லிலிருந்து எடுத்த பரோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டு கையாலும் பக்கவாட்டில் தட்டித் தட்டி இதழ் பிரித்துக்கொண்டிருந்தார் மாஸ்டர். மாவு கிழியாமல் வீச வருகிறதே, அதற்குக் காரணமான புரதத்தின் பெயர் குளூட்டன். லத்தீனில் பசை என்று பொருள். எனவே இது காரணப்பெயர். கோதுமை, பார்லி, ரை மூன்றிலும் இந்த வகைப் புரதம் உண்டு. என் மனைவிக்கு சீலியாக் நோய். அந்தப் பசை உள்ளே போனால் உடம்பின் காவல்படை சொந்தச் சிறுகுடலையே அடிக்கக் கிளம்பிவிடும். நூல் செய்ததன் காரணம் இதுவே.

நூல் முதல், வழி, சார்பு என மூவகைப்படும். முதனூல் செய்தவர் வில்லெம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். 1930களிலேயே கோதுமைமேல் அவருக்குச் சந்தேகம். 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் ஹாலந்தில் ரொட்டி கிடைக்காமல் போனபோது அது வலுத்தது; 1950இல் ஆய்வேடாக எழுதினார். நம்முடையது வழிநூல். வழியில் பசித்து நின்றபோது எழுதியதாலும் அப்பெயர் பொருந்தும்.

இனி, குளூட்டன் தட்டுக்கு வரும் முறை இரண்டு: தொகாநிலை, தொகைநிலை. சப்பாத்தி, பூரி, ரவா தோசை, சேமியா பாயசம் எல்லாம் தொகாநிலை. ஒளிவுமறைவு இல்லாதவை, இவற்றால் கெட்டவர் எவருமில்லை, ஏக்கப்பட்டவர் உண்டு. திருநெல்வேலி அல்வா மட்டும் நடுவில் நிற்கும். சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்ததைப் ‘பால்’ என்று சொல்லிவிடுகிறார்கள். பாலில் கிண்டியதுதானே என்று கை நீட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தொகைநிலைதான் ஆபத்து. உருபு மறைந்து நிற்பது தொகை. கூட்டுப் பெருங்காயம் என்று டப்பாவில் போட்டிருக்கும், எதனோடு கூட்டியது? ‘மைதாவோடு’ என்ற மூன்றாம் வேற்றுமை அங்கே தொக்கு நிற்கும். பெருங்காயப் பிசின் அதன் தனிவீரியத்தில் சமையலுக்கு ஆகாது என்பதால் மைதாவையோ கருவேலம் பிசினையோ அரிசி மாவையோ சேர்த்துத்தான் விற்கிறார்கள். எதைச் சேர்த்தார்கள் என்பது டப்பாவின் முதுகில் எறும்பெழுத்தில் இருக்கும். ஓட்டல் அடுக்களையிலோ டப்பா எப்போதோ குப்பைக்குப் போய், பெருங்காயம் எவர்சில்வர் தூக்கில் இருக்கும். சாம்பார், ரசம், சட்னித் தாளிப்பு மூன்றும் இப்படியே சந்தேகத்துக்குள் வந்துவிடுகின்றன. ஊரே பத்தியத்துக்குத் தின்னும் இட்லி ஆவியில் வெந்து பரிசுத்தமாக நிற்க, தொட்டுக்கொள்ள ஒன்றும் இருக்காது. ஆகவே என் மனைவி பெருங்காயம் போடாத மிளகாய்ப்பொடியை ஒரு பழைய பவுடர் டப்பாவில் அடைத்துக் கைப்பையில் வைத்திருக்கிறாள். டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் அடுத்த மேசைக்காரர்கள் இட்லிக்கு முகப்பவுடர் போடும் பெண்ணைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அன்மொழித்தொகைக்கு எடுத்துக்காட்டு சோயா சாஸ். சோயா என்ற சொல்லிலும் இல்லாத, சாஸ் என்ற சொல்லிலும் இல்லாத கோதுமை பெரும்பாலும் அதற்குள் இருக்கும். ஃப்ரைடு ரைஸ் சாதம்தானே என்போர் இவ்விதியைப் படிக்காதவர்.

அடுத்தது புணர்ச்சி. சப்பாத்தி போட்ட கல்லில் தோசை வார்த்தால் மாவு புதிதாக வந்து ஒட்டுவது தோன்றல். சமோசா பொரித்த எண்ணெயில் உளுந்த வடை விழுந்து தன் குணம் மாறுவது திரிதல். கெடுதலுக்கு உதாரணம் சொந்த அனுபவம். ஊர் பெயர் வேண்டாம். மகரம் கெட்டு மரவேர் ஆனதுபோல, அந்த வடையால் ஐந்து நாள் பயணத்தில் இரண்டு நாள் கெட்டு மூன்று நாள் ஆனது. பாக்கெட்டில் ‘குளூட்டன் இல்லை’ என்று அச்சிட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று நம் நாட்டில் விதி இருக்கிறது. வடையில் யார் அச்சிடுவது?

ஆகவே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கேதான் பவணந்தியார் கைகொடுக்கிறார். நன்னூலில் வினா ஆறு, விடை எட்டு. நாம் கேட்பது அறியா வினா: “தம்பி, இதுல கோதுமை இருக்கா?” சர்வர் காதில் விழுவது கொளல் வினா. “இருக்கு சார், ரெண்டு சப்பாத்தியா, செட்டா?” இந்த ஒரு மயக்கத்தாலேயே கேட்காத சப்பாத்தி இருமுறை எங்கள் மேசைக்கு வந்திருக்கிறது.

விடைகளில் ‘இல்ல’ என்பது மறைவிடை. கேள்வி முடியுமுன் வந்தால் அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. ‘இருக்குங்க’ என்ற நேர்விடை அரிது. சொன்னவருக்கு டிப்ஸ் வைத்துவிட்டுப் பட்டினியாக எழுந்து வரலாம். “டப்பா அதோ இருக்கு, பாத்துக்கோங்க” என்ற சுட்டுவிடை எட்டிலும் தலையாயது. “நீங்களே உள்ள வந்து மாஸ்டர்ட்ட கேளுங்க” என்பது ஏவல். போனால் மாஸ்டர் திரும்ப வெளியே ஏவுவார். “சாம்பார்ல எவனாவது கோதுமை போடுவானா?” என்பது வினா எதிர் வினாதல், குரலில் வீட்டுக்காரியின் கைப்பக்குவத்தைக் குறை சொன்னதுபோல் ஒரு வருத்தம் தொனிக்கும். “எனக்கும் அப்படித்தான் அண்ணாச்சி, போன மாசம் சப்பாத்தி சூடு கெளப்பிட்டு” என்பது உற்றது உரைத்தல். இதற்கு மோர் குடிக்கச் சொல்லி வைத்தியமும் இலவசம்.

“ஒண்ணும் செய்யாது, தைரியமா சாப்பிடுங்கக்கா” என்பது உறுவது கூறல். ஜோதிடத்தின்பாற்படும். சொன்னவர் இரவு பதினொரு மணிக்கு லாட்ஜில் நம்மோடு இருக்கமாட்டார்.

எட்டாவதான இனமொழி விடைதான் எங்கும் பரவியது. கேள்வி கோதுமையைப் பற்றி, விடை, “வெங்காயம், பூண்டுகூடக் கெடையாது சார், ப்யூர் வெஜ்.” இதற்கு மேல் சுத்தம் ஏது என்று அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமிதம். ஆடுவாயா என்றால் பாடுவேன் என்பதை எடுத்துக்காட்டாகப் பள்ளியில் படித்தபோது எவன் இப்படிப் பேசுவான் என்று சிரித்திருக்கிறேன்.

புறனடை: மேற்சொன்ன விதிகளுக்கு அடங்காத இடம் ஒன்று உண்டு. அது நவராத்திரி நாளின் டில்லி. கோதுமைச் சீமையாயிற்றே என்று அரிசிப் பொரியும் வேர்க்கடலையும் மூட்டை கட்டிக்கொண்டு போனோம். ஆனால் அங்கே விரதக்காரர்கள் அந்த ஒன்பது நாளும் தானியம் தொடுவதில்லை. பூரியைக் குட்டு மாவில் சுடுகிறார்கள். ஆங்கிலப் பெயரில் வீட் என்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் கோதுமைக்கு ஏழு தலைமுறையிலும் உறவில்லாத விதை அது. கிச்சடி ஜவ்வரிசியில், பெயரில் அரிசி, பிறப்பில் மரவள்ளிக்கிழங்கு. இரண்டுமே இடுகுறிப்பெயர் என்று கொள்க. உப்புகூட இந்துப்பு. விரதச் சமையலுக்கு எண்ணெயும் பாத்திரமும் தனி என்று சொல்லி, ஒரு கடைக்காரர் எங்களைக் கூப்பிட்டே காட்டினார். குளூட்டனைப் பற்றி அவர் கேள்விப்பட்டதில்லை. தீட்டைப் பற்றி நன்றாகத் தெரியும்.

“விரதமா?” என்று என் மனைவியைக் கேட்டார். ஆமாம் என்று நேர்விடை கூறினாள். பக்கத்து மேசை அம்மாள், தெற்கேயிருந்து இவ்வளவு தூரம் வந்தும் நோன்பை விடவில்லை பார் என்று கணவரிடம் இந்தியில் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் மனைவி ஐந்தாவது பூரியை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டாள்.