கேஸ் போயிடுச்சு சார்!

நம் ஊரில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் முதல் தீர்ப்பு, “ஒண்ணுமில்ல, கேஸ்தான்.” வீட்டில் ஏசி குளிராவிட்டாலும், “ஒண்ணுமில்ல சார், கேஸ் போயிடுச்சு.” மனிதனுக்கு அது கூடினால் வியாதி, ஏசிக்குக் குறைந்தால் வியாதி. இரண்டு இடத்திலும் யாரும் தொட்டுக்கூடப் பார்க்காமல் சொல்லிவிடுவார்கள்.

எங்கள் வீட்டு ஏசி கத்திரி வெயில் பிறந்த கையோடு படுத்தது. ஐப்பசி, கார்த்திகை முழுக்கச் சும்மாதானே சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது, அப்போது படுத்திருக்கக் கூடாதா? நாங்கள் குடியிருப்பது சென்னையில், கடைசி மாடியில். தலைக்கு மேலே மொட்டை மாடித் தளம். பகல் பூராவும் வாங்கிய வெயிலை ராத்திரி வட்டியும் முதலுமாக எங்கள் மேல் இறக்கிவைக்கும். அந்தச் சூட்டை ஓரவஞ்சனை இல்லாமல் எல்லாருக்கும் பங்கு போட்டுக் கொடுப்பது சீலிங் ஃபேனின் வேலை.

ஏசியின் வியாதியும் சாதாரண வியாதி இல்லை. காற்று வந்தது, குளிர் வரவில்லை. நடுராத்திரியில் உள்ளே ‘படக்’ என்று ஒரு சத்தம், பிறகு சுவர் வழியே தண்ணீர். முன்மூடியைத் தூக்கி ஃபில்டரைக் கழற்றி டார்ச் அடித்தால், செப்புக் குழாயின் வளைவிலும் அலுமினியத் தகடுகளின் மேலும் வெள்ளை வெளேரென்று ஐஸ்! நாங்கள் வெந்துகொண்டிருக்க, எங்கள் தலைமாட்டிலேயே ஒரு முழ நீளத்துக்கு சிம்லா.

“இவ்வளவு ஐஸ் இருக்கே, அப்புறம் ஏன் குளிரல?” என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. வந்து போன நிபுணர்களில் ஒருவர்கூட அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. சங்கதி இதுதான். உள்ளே இருக்கும் குழாயில் கேஸ் திரவத்திலிருந்து ஆவியாகும்போது அறையின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். வெளியே இருக்கும் பெட்டிக்குப் போய் அதைக் கொட்டிவிட்டுத் திரும்பும். கேஸ் குறைந்தால் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் குழாயின் ஒரு பகுதி மட்டும் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். சென்னைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? அது அங்கேயே ஐஸாக உறைந்து, காற்று வரும் வழியையும் அடைத்துக்கொள்ளும்.

ஏசிக்கும் ஐஸுக்கும் பழைய உறவு உண்டு. ஏசியில் டன் என்பது எடை இல்லை. ஒரு அமெரிக்க டன், அதாவது 907 கிலோ ஐஸ், 24 மணி நேரத்தில் உருகினால் எவ்வளவு சூட்டை இழுக்குமோ அதுதான் ஒரு டன் ஏசியின் சக்தி. எங்களுடையது ஒன்றரை டன். கணக்குப்படி நாளொன்றுக்கு 1,360 கிலோ ஐஸ் உருகும் குளுமை எங்கள் படுக்கையறைக்குக் கிடைக்க வேண்டும். கிடைத்தது ஒரு வாளித் தண்ணீர். அதை அம்மா துளசிச் செடிக்கு ஊற்றினாள்.

அந்தக் காலத்து மெட்ராஸ்காரர்கள் நிஜ ஐஸையே வரவழைத்தார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூள் போர்த்திக் கப்பலில் ஏற்றி அனுப்பினார் ஃபிரடெரிக் டியூடர். அதை அடுக்கிவைக்க 1842-இல் கடற்கரையில் கட்டியதுதான் ஐஸ் ஹவுஸ். பிற்பாடு 1897-இல் விவேகானந்தர் தங்கியதும் அங்கேதான். பாதி உலகத்தைச் சுற்றிக்கொண்டு அந்த ஐஸ் திருவல்லிக்கேணிக்கு வந்து சேர்ந்தது. எங்கள் வீட்டுக் குளிருக்கு, சுவரிலிருந்து கட்டிலுக்கு ஆறடி வர மனசில்லை.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். ஆஃப் பண்ணி ஆன் பண்ணினீர்களா, ரிமோட்டில் மோடு மாற்றிப் பார்த்தீர்களா என்றெல்லாம் விசாரித்துவிட்டு ஒரு பையனை அனுப்பினார்கள். அவன் முதுகுப் பையைக்கூடக் கழற்றவில்லை. சாமியார் ஆசி வழங்குவதுபோல ஏசிக்கு நேரே உள்ளங்கையை நீட்டினான். கண்ணை மூடினான். “கேஸ் போயிடுச்சு சார்.”

“எங்கப்பா போச்சு?”

“காத்தோட போயிடும் சார். வருஷா வருஷம் ரொப்பிக்கணும்.”

ஈஸி சேரிலிருந்து அப்பா நிமிர்ந்தார். அவர் ரிடையர்டு கணக்கு வாத்தியார். ஏசிக்கு ஜென்ம விரோதி. மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்துப் பாய் விரித்துப் படுத்த காலத்தைப் பற்றித் தினமும் ஒரு தடவையாவது சொல்வார். ஆனால் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், ஃபேன் காற்றில் பேப்பர் பறக்கிறது என்று சொல்லிக்கொண்டு ஏசி ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். சரித்திரம் அவர் பக்கம்தான். 1902-இல் வில்லிஸ் கேரியர் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காகத்தான் இந்த வித்தையை வடிவமைத்தார். ஈரத்தில் காகிதம் உப்பி, கலர் அச்சு விலகிப்போனதுதான் அங்கே பிரச்சினை. ஏசி முதலில் வந்தது பேப்பருக்காக, மனுஷனுக்காக இல்லை.

“தம்பி, எங்க வீட்டு ஃபிரிட்ஜ் இருபது வருஷமா ஓடுது. அதுக்கு வருஷா வருஷம் எவன் கேஸ் ரொப்பினான்?”

பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அது ஃபிரிட்ஜ் சார்” என்றான்.

ரூ.3,000 கொடுத்து ரொப்பினோம். இது பெட்ரோல் இல்லை, மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வரும் சரக்கு, ஓட்டை இல்லாமல் குறையாது என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். பையன் காதில் விழவில்லை. ஏசி குளிர ஆரம்பிப்பதற்குள், “போன்ல ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க சார்” என்றான். சொன்னேன். அந்த வினாடியே என் புகார் தீர்ந்துபோனது. ஏசிக்கு ஒன்றும் தீரவில்லை. கத்திரி முடிவதற்குள் மறுபடி ஐஸ், மறுபடி வாளி.

அடுத்து வந்தவர், “யாரு சார் இதுல கை வெச்சது?” என்றார். எலெக்ட்ரீஷியன், பிளம்பர், பல் டாக்டர் யாராக இருந்தாலும் முன்னால் வந்தவனைத் திட்டித்தானே வேலையை ஆரம்பிக்கிறார்கள்! இந்த ஆர்32 கேஸை எடை பார்த்துத்தான் ஏற்ற வேண்டும், போனவன் குத்துமதிப்பாக ஏற்றிவிட்டான் என்று நீளமாக வருத்தப்பட்டுவிட்டு, இவரும் குத்துமதிப்பாகவே ஏற்றினார். எதிர் வீட்டு மாமா ஸ்டெபிலைசர் மேல் சந்தேகப்பட்டார். வாட்ச்மேன், பிசிபி போர்டுக்குள் பல்லி புகுந்திருக்கும் என்றார். இஸ்திரிக்காரர் மட்டும், வெயிலுக்கு எதுவும் தாங்காது என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் துணியை எண்ணினார்.

கடைசியில் வந்தது பெரிய தெருவில் சின்னக் கடை வைத்திருக்கும் பாய். கேஸ் என்ற பேச்சையே எடுக்கவில்லை. சமையலறைக்குள் எட்டிப் பார்த்து, “அம்மா, பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணி ஒரு கப் குடுங்க” என்றார். குழாய்க்குள் நைட்ரஜனை அழுத்தி நிரப்பிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே உடம்பில் பாதியை நீட்டி, சோப்பு நுரையைப் பிரஷ்ஷால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவினார். வெளிப் பெட்டியில் செப்புக் குழாய் சேரும் ஃபிளேர் நட்டில் ஒரு குமிழி கிளம்பியது. மிளகு அளவு இருந்தது மெதுவாகச் சுண்டைக்காய் அளவுக்கு உப்பி, உடைந்து, அதே இடத்தில் இன்னொன்று முளைத்தது.

“இங்கதான் போவுது” என்றார் பாய்.

குழாய் நுனியை வெட்டி, புதிதாக விரித்து, நட்டை முடுக்கினார். வாக்குவம் பம்ப் போட்டு உள்ளே இருந்த காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்தார். சிலிண்டரைத் தராசில் வைத்து, வெளிப் பெட்டியில் ஒட்டியிருந்த அளவைப் படித்து, கிராம் கணக்கில் கேஸ் ஏற்றினார். ஒவ்வொரு கட்டத்திலும் அப்பா பக்கத்திலேயே நின்றார். இதுவரை சம்பந்திக்குக்கூட எழுந்து காபி கொண்டுவராத மனிதர், பாய்க்குத் தன் கையாலேயே டம்ளரைக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஏசி இப்போது குளிர்கிறது. மகனுக்கு 18, மனைவிக்கு 24, அப்பாவுக்கு ஆஃப். அது தனிச் சண்டை.

போன வாரம் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். எங்கள் டெக்னீஷியனின் சேவைக்குப் பத்துக்கு எத்தனை மார்க் தருவீர்கள் என்றாள். மார்க் என்ற சொல் காதில் விழுந்ததுமே அப்பா போனைப் பிடுங்கிக்கொண்டார்.

“விடை சரிதாம்மா. கேஸ் போனது வாஸ்தவம். ஆனா எப்படிப் போச்சுன்னு ஒரு ஸ்டெப்கூடப் போடல. ரெண்டு மார்க்.”

“பத்துக்கு ரெண்டா சார்?”

“நூத்துக்கு.”