மூன்று தடிக்கு ஒரு மில்: ஓர் ஆய்வு

ஆய்வுக் களம்: அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துத் தென்பகுதி. ஆய்வுக்கு உட்பட்ட உயிரினம்: வீட்டுக்குப் பின்னால் நாலைந்து ஏக்கர் தோப்பு வைத்திருக்கும் குடும்பத் தலைவர். ஆய்வுச் சிக்கல்: ஆண்டுக்கு இரண்டு மூன்று மரம் அறுப்பதற்காக அவர் 3,000 டாலர் போட்டு ஒரு சிறிய மர மில் வாங்கத் துடிப்பது. மூலகாரணம்: ஒரு பச்சை வண்டு.

வண்டின் பெயர் எமரால்டு ஆஷ் போரர். கிழக்காசியாவிலிருந்து சொல்லாமல் வந்து சேர்ந்த இதை 2002இல் டெட்ராய்ட் பக்கத்தில் கண்டுபிடித்தார்கள். அதற்குள் ஆஷ் மரங்கள் தோப்புத் தோப்பாகப் பட்டுப்போக ஆரம்பித்திருந்தன. இன்றுவரை மாண்டவை கோடிக்கணக்கில். இதன் புழு பட்டைக்கு அடியில்தான் வளைந்து வளைந்து குடைகிறது. சாறு ஓடும் வழி அறுபட்டு மரம் சாகிறது. உள்மரம் அப்படியே இருக்கிறது. பேஸ்பால் மட்டைக்கும் கருவிக் காம்புக்கும் பேர்போன மரம். அதை விறகாக்க யாருக்கு மனம் வரும்? வண்டு பரவிய பகுதியிலிருந்து ஆஷ் தடியை வெளியே கொண்டுபோகவும் நெடுங்காலம் கட்டுப்பாடு இருந்தது. மத்திய அரசு அதை விலக்கிக்கொண்டது 2021 ஜனவரியில்தான். மரம் மில்லுக்குப் போக முடியாவிட்டால் மில் மரத்திடம் வரட்டும் என்ற சித்தாந்தத்துக்கு இதைவிட நல்ல உரம் கிடைத்திருக்காது.

இவ்வாய்வின் கருதுகோள் எளியது: மில் வாங்குவதில் ஆகக் குறைந்த செலவு மில்லின் விலையே. அஃது எங்ஙனமெனின் கூறுதும்.

இத்துறையில் வடகலை, தென்கலை போல இரு கலைகள் உண்டு. முதலாவது செயின் சா கலை. கலிபோர்னியாவின் கிரான்பெர்க் நிறுவனத்து ‘அலாஸ்கன் மில்’ இதற்கு மூலநூல் எனலாம்: செயின் சாவின் வாளில் மாட்டும் ஓர் உலோகச் சட்டகம், விலை 200 டாலர் சுற்றுவட்டாரம். தடி கிடந்த இடத்திலேயே கிடக்கும். மனிதர்தான் குனிந்தபடி, புகையைக் குடித்தபடி, ரம்பத்தை அதன் முதுகில் நெடுகத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஒரு பலகை இறங்குவதற்குள் இடுப்பு இறங்கிவிடும்.

இரண்டாவது பேண்ட் சா கலை. 1982இல் இண்டியானாபோலிஸில் தொடங்கிய வுட்-மைசர் நிறுவனம் இதற்குப் பேர்போனது. இரண்டு சக்கரங்களில் சுற்றும் மெல்லிய எஃகு நாடா, ஒரு பெட்ரோல் இன்ஜின், தரையில் நீளப் போட்ட இரும்புப் படுக்கை. தடியைப் படுக்கையில் கிடத்தி, இன்ஜின் இருக்கும் தலைப்பகுதியைக் கையால் தள்ளிக்கொண்டே போனால் பலகை உரிந்து வரும். கைப்பிடியைச் சுற்றினால் தலை ஓர் அங்குலம் இறங்கும். மறுபடி தள்ள வேண்டியது. தடியைத் தானே தூக்கிப் புரட்டும் ஹைட்ராலிக் ரகங்கள் இருபதாயிரம் டாலரைத் தாண்டும். நம் குடும்பத் தலைவர் கண் வைத்திருப்பது 2,000 முதல் 4,000 வரையிலான கைவேலை ரகங்களில். ஆஸ்திரேலியா, நியூஸிலாந்தில் வட்டரம்பக் கலை ஒன்றும் உண்டு. அது மலிவு என்ற எல்லைக்குள் அடங்காமையின் விடுக்கப்பட்டது.

இரு கலையாரும் வேறுபடும் இடம் மரத்தூள். செயின் சா ஒருமுறை ஓடினால் 9 மில்லிமீட்டர் மரம் தூளாகும். பேண்ட் சாவுக்கு 2 மில்லிமீட்டர் போதும். ஓரங்குலப் பலகை பத்து அறுத்தால் முதற்கலையார் மூன்றரைப் பலகையைத் தூளாக்கியிருப்பார். மற்றவருக்கு ஒரு பலகைகூட முழுதாக வீணாகாது. இந்தக் கணக்கைத்தான் குடும்பத் தலைவர் மனைவியிடம் எடுத்துக்காட்டுவார். அந்த மூன்றரைப் பலகை கடையில் என்ன விலை என்று அம்மையார் கேட்டதும் கருத்தரங்கு கலைந்துவிடும்.

மலிவு மில்லை எங்கும் கொண்டுபோகலாம் என்று விளம்பரம் சொல்கிறது. வந்து இறங்குவது ஒரு பெட்டி. உள்ளே சட்டங்களும் போல்ட்டுகளும். ஒரு நாள் முழுக்கப் பூட்டி, மட்டம் பார்த்துத் தரையில் நிறுத்திய பின் அதை யாரும் நகர்த்துவதில்லை. சக்கரம் வைத்த டிரெய்லருக்குத் தனி விலை. எனவே நகர வேண்டியது தடி. 20 அங்குல விட்டமும் 10 அடி நீளமும் உள்ள பச்சை ஆஷ் தடி ஏறத்தாழ அரை டன். 1850களின் கடைசியில் மெய்ன் மாநிலத்துக் கொல்லர் ஜோசப் பீவி, ஆற்றில் மிதந்துவரும் தடிகளைப் புரட்ட ஒரு நெம்புகோல் அடித்தார்: நுனியில் ஈட்டிமுனை, பக்கத்தில் ஆடும் கொக்கி. இன்றும் அவர் பெயரைச் சொல்லித்தான் கடையில் கேட்கிறார்கள். மில்லுக்குப் பின் முதலில் வீடு வருவது இந்தப் பீவி. அப்புறம் சங்கிலி, வின்ச், கடைசியில் ஒரு டிராக்டர். டிராக்டர் வந்த பின் மில்லின் விலை பேச்சிலேயே அடிபடாது.

வீட்டுத் தோட்டத்து மரமென்றால் ஆணியியல் என்ற துணைத்துறையும் திறக்கிறது. துணிக்கொடிக் கொக்கி, வேலி ஆணி, ஊஞ்சல் போல்ட் எல்லாவற்றையும் மரம் விழுங்கிப் பட்டையால் மூடிக்கொள்ளும். ஓக் மரமானால் டானினும் இரும்பும் சேர்ந்து, தடியின் வெட்டுமுகத்தில் கருநீலக் கறையாகத் தெரியும். தேர்ந்த அறுப்பாளர் முதலில் அந்த முகத்தைத்தான் உற்றுப் பார்ப்பார். ஆஷில் அவ்வளவு தெளிவாகக் கறை படியாது, மெட்டல் டிடெக்டர் வேண்டும். 25, 30 டாலர் நாடா ஒரே ஆணியில் பல்லிழக்கும். மொண்ணை நாடா நேராகவும் போகாது. பலகை அலையலையாக நெளிந்து வரும்.

இனிக் கணக்கியல். அமெரிக்கர் மரத்தை அளப்பது பலகை அடியில்: ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரங்குலக் கனம். நம்மூர் மரக்கடைக் கன அடியில் இது பன்னிரண்டில் ஒன்று. ஒரு தடியில் எவ்வளவு தேறும் என்பதற்கு டாயில் சூத்திரம் இருக்கிறது: அங்குல விட்டத்தில் நாலைக் கழித்து வர்க்கமாக்கி, அடிக்கணக்கு நீளத்தால் பெருக்கி, பதினாறால் வகுக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு. தடி விற்கிறவரை ஏய்க்கவென்றே செய்தார்களோ என்று தோன்றும்: 4 அங்குலத் தடியில் இதன்படி பலகையே கிடையாது. மேற்படி அரை டன் தடிக்கு விடை 160 பலகை அடி.

பெரிய மில்லை டிரெய்லரில் இழுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்து அறுத்துத் தரும் தொழில்முறை அறுப்பாளர்கள் அங்கே உண்டு. மணிக்கணக்கிலோ, பலகை அடிக்கு அரை டாலர், ஒரு டாலர் என்றோ வாங்குவார்கள். ஆணியில் நாடா போனால் அதற்குத் தனி. அரை டாலர் என்று வைத்தால் ஒரு தடிக்குக் கூலி 80 டாலர். ஆக, 3,000 டாலர் மில் தன் விலையை மீட்க 38 தடி அறுபட வேண்டும். குடும்பத் தலைவரிடம் இவ்வாண்டு இருப்பது மூன்று. டிராக்டர் இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை.

மீதி 35 தடிக்கு அவர் எங்கே போவார்? மில் வந்த நாள் முதல் அவர் குணமே மாறுகிறது. புயல் எச்சரிக்கை வந்தால் முகம் மலர்கிறது. பக்கத்து வீட்டு மேப்பிள் மரத்தின் உடல்நலத்தைக் காலையும் மாலையும் விசாரிக்கிறார்.

பலகை கைக்கு வந்ததும் மேசை வந்துவிடாது. ஓரங்குலக் கனத்துக்கு ஓராண்டு காய வேண்டும் என்பது வழிவழி வந்த வாய்பாடு. வரிசைக்கு வரிசை குறுக்குக் குச்சி வைத்துக் காற்றோட்டமாக அடுக்கி, முனை வெடிக்காமலிருக்கப் பெயிண்ட் அடித்து, மேலே தகரம் போட்டுப் பாரம் ஏற்ற வேண்டும். குச்சிகள் ஒன்றன்மேல் ஒன்று நேராக நிற்காவிட்டால் பலகை வளையும். இவ்வளவும் செய்தாலும் வெளிக்காற்று மட்டும் போதாது. அறைக்குள் போடும் மேசைக்கு ஈரப்பதம் 8 விழுக்காட்டளவுக்கு இறங்க வேண்டும். அதற்குப் பலகையைக் கடைசிச் சில வாரங்கள் வீட்டுக்குள் வைக்க வேண்டும். வீட்டுக்குள் எங்கே என்பது அம்மையாரோடு பேசித் தீர்க்க வேண்டியது.

ஆய்வின் முடிவு: மூன்று தடிக்காரர் அறுப்பாளரைக் கூப்பிட்டு அனுப்பட்டும். தடியை நகர்த்தவே முடியாத சரிவில் மரம் விழுந்திருந்து, கையில் பெரிய செயின் சாவும் இருந்தால், அலாஸ்கன் மில்லும் நெடுக்கறுப்புக்குத் தீட்டிய சங்கிலியும் போதும். ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து தடி நிச்சயம் வரும், அறுப்பதே ஆசை என்பவர் பேண்ட் சாவைத் தொடலாம். அதிலும் யாரோ ஒருவர் மூன்று தடி அறுத்துவிட்டுக் கொட்டகையில் மூடிப்போட்டிருக்கும் மில்லாகப் பார்த்துப் பிடிப்பது நல்லது. இவற்றுக்கு விலை அதிகம் இறங்குவதில்லை. வேலை முடிந்ததும் அவரைப் போலவே விற்றுவிடலாம். பணத்தைக் கட்டும் முன் தோப்புக்குப் போய் மரத்தை எண்ணிப் பாருங்கள். நன்றாக நிற்கிற மரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.